தோன்றா எழுவாய்

வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குக் கிருத்திகையன்று போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வரிசையில் நிற்பவர்களில் கணிசமானவர்கள் இருபது, இருபத்திரண்டு வயதுப் பெண்கள். ஏழடி உயரத்தில் நிற்கும் அந்த முருகனைப் பார்க்க முன்பெல்லாம் சுற்றுவட்டாரக் குடும்பங்கள்தாம் பிள்ளைகுட்டிகளோடு வரும். இப்போது விடுதிகளிலிருந்து நான்கைந்து பேராகச் சேர்ந்து ஷேர் ஆட்டோ பிடித்து வருகிறார்கள். பேச்சை வைத்தே ஊரைச் சொல்லிவிடலாம். ஒருத்தி திருவண்ணாமலை, ஒருத்தி விழுப்புரம், அந்தப் பக்கம் நிற்பவள் தெற்கத்திக்காரி. கோயிலுக்கு வடக்கே ஸ்ரீபெரும்புதூர், தெற்கே ஒரகடம். இரண்டுக்கும் நடுவில் உலகம் பேசுகிற செல்போனையும் உலகம் ஓட்டுகிற காரையும் செய்கிற தொழிற்சாலைகள்.

2025 ஆகஸ்டில் அப்படியொரு கிருத்திகை நாளில் என் பழைய மாணவி ஒருத்தியைப் பார்த்தேன். இளங்கலைத் தமிழில் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது இரண்டு தாள் பாக்கி வைத்துவிட்டுச் செல்போன் கம்பெனிக்குப் போனவள். எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம். கையிலிருந்த விபூதியை மடித்தபடி கேட்டாள்: “அம்மா, அமெரிக்காக்காரன் ஐம்பது பர்சன்ட் வரி போட்டுட்டானாமே, எங்க கம்பெனிய மூடிடுவாங்களா?”

லைனில் சொன்னார்களாம். காலைக் கூட்டத்தில், நிலைமை சரியில்லை, டார்கெட்டை முடித்துக் கொடுங்கள், லீவு கேட்காதீர்கள் என்று. இவள் சம்பளத்தை நம்பி ஊரில் அம்மா குழுக்கடன் வாங்கியிருக்கிறாள். தங்கை பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள்.

நான் செய்தித்தாள் படித்திருந்ததால் உடனே சொன்னேன். “செல்போனுக்கு அந்த வரி கிடையாதும்மா. விட்டுட்டாங்க.”

அவள் முகம் தெளியும் என்று நினைத்தேன். “அப்புறம் ஏம்மா எங்கள பயமுறுத்துறாங்க?” என்றாள்.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கானது. நான் பொருளாதாரம் படித்தவள் இல்லை. என் முனைவர் பட்டம் தமிழில். ஆனால் வாணிபக் கொள்கை என்று நம் காதில் விழுவது பெரும்பாலும் வாக்கியங்கள்தாம்: தலைப்புச் செய்தி, மேடைப் பேச்சு, முதலீட்டு மாநாட்டு அறிக்கை, காலைக் கூட்டத்தில் சூப்பர்வைசர் சொல்வது. வாக்கியத்தைப் பிரித்துப் பார்ப்பதுதான் என் பிழைப்பு.

முதல் வாக்கியம்: “இந்தியா மீது 50 சதவீத வரி.” 2025 ஆகஸ்ட் 7 முதல் 25 சதவீதம், ரஷ்ய எண்ணெய் வாங்குவதற்குத் தண்டனை என்று சொல்லி ஆகஸ்ட் 27 முதல் இன்னொரு 25. எல்லா நாளிதழும் ஏறக்குறைய இப்படித்தான் போட்டன. இந்த வாக்கியத்தில் வினை இல்லை, எழுவாய் இல்லை. ‘மீது’ என்று ஒரு சொல் மட்டும் இந்தியாவின் தலைமேல் வந்து உட்கார்ந்திருக்கிறது. படிக்கிறவருக்கு இந்தியா ஏதோ அபராதம் கட்டப்போகிறது என்றுதான் தோன்றும். நடப்பது வேறு. இறக்குமதி வரியைக் கட்டுகிறவர் இறக்குமதி செய்கிறவர். திருப்பூரிலிருந்து ஒரு பனியன் நியூயார்க் துறைமுகத்தில் இறங்கினால், வரித்தொகையை அமெரிக்க இறக்குமதியாளர் அமெரிக்கச் சுங்கத்துறையிடம் கட்டுகிறார். பணம் அமெரிக்கப் பாக்கெட்டிலிருந்து அமெரிக்கக் கஜானாவுக்குப் போகிறது. வெளிநாடுகள் நமக்குக் கோடி கோடியாகக் கட்டுகின்றன என்று அமெரிக்க அதிபர் டொனால்ட் டிரம்ப் சொல்லும்போது அந்த வாக்கியம் சுங்கச்சாவடியிலேயே பொய்த்துவிடுகிறது. கட்டுகிறவர் தோன்றா எழுவாய்.

அத்தோடு விட்டுவிட்டால் பாதிதான் சொன்னதாகும். துறைமுகத்தில் கட்டியவர் அதை அப்படியே சுமப்பதில்லை. விலையை ஏற்றி அமெரிக்கக் கடையில் துணி வாங்குகிறவளிடம் தள்ளுவார், அல்லது லாபத்தைக் குறைத்துக்கொள்வார், அல்லது திருப்பூருக்குப் போன் போட்டு விலையைக் குறை என்பார். பின்னலாடைக்கு ஏற்கனவே இருந்த வரியோடு சேர்த்தால் 2025 ஆகஸ்டில் அது சுமார் 64 சதவீதம் ஆனது. அதே பனியனைக் குறைந்த வரியில் தர அப்போது வங்கதேசமும் வியட்நாமும் இருந்தன. திருப்பூர் முதலாளி எதைக் குறைப்பார்? நூல் விலை அவர் கையில் இல்லை, மின்கட்டணம் இல்லை, வட்டி இல்லை. ஒன்றிய அரசு பருத்தி மீதான 11 சதவீத இறக்குமதி வரியை ஆகஸ்டில் தள்ளிவைத்தது, அது கொஞ்சம் உதவியிருக்கும். மற்றபடி அவர் கை எட்டுகிற தூரத்தில் இருப்பது பீஸ் ரேட்டும் ஷிப்ட்டும்தான். ஆக, துறைமுகத்தில் பொய்யாகிற ‘மீது’ பல கை மாறி, திருப்பூரில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒருத்தியின் மீது வந்து உண்மையாகிவிடுகிறது. தலைப்புச் செய்தி அவளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை, ‘இந்தியா’ என்றது.

இரண்டாவது வாக்கியம் இதைவிடச் சுவாரசியமானது. 2025 ஏப்ரல் 2 அன்று வெள்ளை மாளிகைத் தோட்டத்தில் டிரம்ப் ஒரு பெரிய அட்டையைத் தூக்கிக் காட்டினார். அதில் இந்தியா அமெரிக்காவுக்கு விதிப்பது 52 சதவீதம், நாங்கள் பெருந்தன்மையாக அதில் பாதி, 26 சதவீதம் விதிக்கிறோம் என்று இருந்தது. இந்த 52 எங்கிருந்து வந்தது? இந்தியா எந்தப் பொருளுக்கு எவ்வளவு வரி போடுகிறது என்று பார்த்து எழுதிய எண் அல்ல அது. 2024இல் அமெரிக்கா இந்தியாவிடம் வாங்கிய சரக்கு சுமார் 87.4 பில்லியன் டாலர். வாங்கியதற்கும் விற்றதற்கும் உள்ள பற்றாக்குறை சுமார் 45.7 பில்லியன். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் 52 சதவீதம். பாதியாக்கினால் 26. அவ்வளவுதான். பற்றாக்குறைக்கு ‘வரி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். மென்பொருள், சினிமா, படிப்பு என்று அமெரிக்கா விற்கிற சேவைகள் இந்தக் கணக்கில் சேரவே இல்லை.

கோயில் வாசலில் எனக்குப் பூ கொடுக்கும் அக்காவை வைத்து இதை வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். பத்து வருடமாக அவரிடம் மல்லி வாங்குகிறேன். அவர் என்னிடம் ஒரு கவிதைத் தொகுப்புகூட வாங்கியதில்லை. என் பற்றாக்குறை நூறு சதவீதம். டிரம்ப் கணக்குப்படி அந்த அக்கா என்மீது நூறு சதவீத வரி விதித்து என்னைச் சுரண்டி வருகிறார், நான் திருப்பி ஐம்பது விதிக்கலாம். பிள்ளைகள் சிரித்தார்கள். (என் புத்தகத்தை யாரும் வாங்குவதில்லை என்பதற்கும் சேர்த்துத்தான் என்று நினைக்கிறேன்.) அக்காவிடமே இதைச் சொன்னபோது, “டீச்சரம்மா, பூவுக்குக் காசு குடுத்தீங்க, பூ வாங்கிட்டுப் போனீங்க, இதுல யாருக்கு என்ன நட்டம்?” என்றார்.

சுங்கம் என்பது ஒன்றும் தமிழுக்குப் புதிய பேச்சல்ல. திருக்குறள் அரசனின் வருவாயில் ஒன்றாக உல்குபொருளைச் சொல்கிறது. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் வந்திறங்கும் பண்டத்துக்கும் ஏறிச்செல்லும் பண்டத்துக்கும் சோழனின் புலி முத்திரை குத்துகிறார்கள். சுங்கம் கொள்வோர் கதிரவன் தேர்க்குதிரை போலச் சோர்வறியாதவர்கள் என்று உவமை வருகிறது. முதலாம் குலோத்துங்கனுக்குச் சுங்கம் தவிர்த்த சோழன் என்றே பட்டம். வரியை நீக்கியதாகச் சொல்லிப் பெயர் வாங்குவதும் அரசியல்தான், வரி போட்டுப் பெயர் வாங்குவதைப் போலவே. இருபது வருடமாகப் பட்டினப்பாலை நடத்துகிறேன். சுங்கக்காரரின் சோர்வின்மையை நயம் பாராட்டியிருக்கிறேன். மூட்டையைத் தூக்கியது யார் தோள் என்று ஒருமுறைகூட வகுப்பில் கேட்டதில்லை.

மூன்றாவது வாக்கியம் நம் ஊருடையது, நாம் பெருமைப்படுவது: “ஐபோன்கள் தமிழ்நாட்டில் தயாரிக்கப்படுகின்றன.” செயப்பாட்டு வினை. செயப்படுபொருளாக இருக்கவேண்டிய போன் எழுவாய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டது. செய்தவள் ‘ஆல்’ உருபை ஏற்றுக்கொண்டு பின்னால் போகவேண்டும், ‘பெண்களால்’ என்று. நடைமுறையில் அந்த உருபும் உதிர்ந்துவிடுகிறது. இலக்கணப்படி பிழையே இல்லாத வாக்கியம்.

2024-25இல் தமிழ்நாட்டின் மின்னணு ஏற்றுமதி 14.65 பில்லியன் டாலர், இந்திய மின்னணு ஏற்றுமதியில் 41 சதவீதம். இந்தியாவில் தொழிற்சாலை வேலை செய்யும் பெண்களில் நூற்றுக்கு 43 பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள் என்று 2019-20ஆம் ஆண்டின் தொழிற்சாலைக் கணக்கெடுப்பு சொன்னது. இரண்டையும் மேடையில் அடுத்தடுத்துச் சொல்வார்கள். முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு என்ன போய்ச் சேருகிறது என்பதை மட்டும் சொல்வதில்லை.

இதில் ஒரு பழைய ஆய்வு எனக்குக் கண்ணைத் திறந்துவிட்டது. ஆசிய வளர்ச்சி வங்கியின் ஆய்வு நிறுவனத்துக்காக யுச்சிங் ஷிங், நீல் டெடர்ட் இருவரும் 2010இல் எழுதியது. 2009இல் சீனாவில் பூட்டிய ஓர் ஐபோனின் உற்பத்திச் செலவு 178.96 டாலர். அதில் பூட்டும் வேலைக்கு, அதாவது சீனத் தொழிலாளியின் கை பட்டதற்கு, 6.50 டாலர். மிச்சமெல்லாம் ஜப்பான், ஜெர்மனி, தென்கொரியா, அமெரிக்கா என்று மற்ற நாட்டு நிறுவனங்களின் உதிரிபாகங்கள். ஆனால் அந்தப் போன் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறும்போது சுங்கக் கணக்கு முழு 178.96 டாலரையும் சீனாவின் ஏற்றுமதி என்று எழுதியது. அமெரிக்க அரசியல்வாதி அந்த முழு எண்ணைக் காட்டி, சீனா எங்களைக் கொள்ளையடிக்கிறது என்றார்.

இன்று ஸ்ரீபெரும்புதூரில் பூட்டும் போனுக்கு எண்கள் வேறாக இருக்கும். எழுதும் முறை அதேதான். உள்ளே வந்த திரை, சிப், கேமரா எல்லாவற்றின் விலையையும் சேர்த்துத்தான் நம் ஏற்றுமதி எண் நிற்கிறது. அமெரிக்காவின் புலம்பலும் நம்முடைய பெருமிதமும் ஒரே கணக்கேட்டிலிருந்து எடுத்தவை என்பது புரிந்த அன்று எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது, ஏனென்றால் நானும் அந்த 41 சதவீதத்தை வகுப்பில் பெருமையாகச் சொன்னவள்.

நான்காவது வாக்கியத்தைச் சொன்னவர் அமெரிக்க வர்த்தகச் செயலர் ஹோவர்ட் லட்னிக். 2025 ஏப்ரலில் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில், ஐபோனில் சின்னச் சின்ன ஸ்க்ரூக்களை முடுக்குகிற லட்சோபலட்சம் மனிதர்களின் படை இருக்கிறதே, அந்த மாதிரி வேலை இனி அமெரிக்காவுக்கு வரும், இயந்திரமயமாகும் என்றார். அமெரிக்காவில் பலர் கேலி செய்தார்கள், ஸ்க்ரூ முடுக்கவா நம் பிள்ளைகளைப் படிக்கவைத்தோம் என்று. அந்தக் கேலியைத்தான் என்னால் பொறுக்கமுடியவில்லை. வேலையைக் கேட்கிறவரும் வேண்டாம் என்கிறவரும் சேர்ந்து அது வேலையே இல்லை என்கிற மாதிரிப் பேசுகிறார்கள். என் மாணவி அதைத்தான் செய்கிறாள். எட்டு மணி நேரம் நின்றுகொண்டு.

1981இல் டயான் எல்சன், ரூத் பியர்சன் என்கிற இரண்டு பெண்ணியப் பொருளியலாளர்கள் இதைப் பற்றி எழுதிவிட்டார்கள். ஏற்றுமதித் தொழிற்சாலைகள் ஏன் மூன்றாம் உலகத்து இளம்பெண்களையே தேடுகின்றன என்று கேட்டால், அவர்களுக்கு இயல்பிலேயே நளினமான விரல்கள், பொறுமை, பணிவு என்று பதில் வந்தது. அவர்கள் சொன்னது இது: அந்த விரல் பிறவியில் வந்ததல்ல. சிறுவயதிலிருந்து தாயும் பாட்டியும் தைக்கவும் பின்னவும் பழக்கிய பயிற்சி. ஆனால் அந்தப் பயிற்சி வீட்டுக்குள் நடந்தது, யாரும் சான்றிதழ் தரவில்லை, அதனால் அது இயற்கை ஆகிவிட்டது. இயற்கையாக வருவதற்குத் திறன் என்று பெயரில்லை. திறன் இல்லாத வேலைக்குக் கூலி குறைவு. நம் பக்கம் கோலப்புள்ளி, பூத்தொடுத்தல், அரிசியில் கல் பொறுக்குதல் என்று அந்தப் பயிற்சிக்கூடத்தின் பாடத்திட்டத்தை நாமே எழுதிவிடலாம். ஐ.டி.ஐ. படித்த பையன் டெக்னீசியன். பன்னிரண்டு வருடம் கோலம் போட்டவள் ஆபரேட்டர்.

பணிவு என்பதும் அப்படி இயற்கையாக வந்ததல்ல என்பதை இந்த நெடுஞ்சாலை பார்த்திருக்கிறது. 2021 டிசம்பரில் பாக்ஸ்கான் விடுதி ஒன்றில் கெட்ட உணவால் 159 பெண்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது, உயிர்ச்சேதம் என்ற வதந்தியும் பரவி, ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இரவும் பகலுமாக உட்கார்ந்தார்கள். தொழிற்சாலை மூடி, ஜனவரி 12இல்தான் திறந்தது. விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் சில தங்கள் தரத்துக்கு இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒத்துக்கொண்டது. அந்தப் பெண்கள் தொழிற்சாலைக்கு உள்ளே இருந்தவரை ‘தயாரிக்கப்படுகிறது’தான். சாலைக்கு வந்த பிறகுதான் செய்தித்தாளில் “பெண்கள் மறித்தனர்” என்று அவர்களுக்கு ஒரு செய்வினை கிடைத்தது. அப்போதும், 2024இல் சாம்சங் தொழிலாளர்கள் சுங்குவார்சத்திரத்தில் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தபோதும் ஒரே எச்சரிக்கையைத்தான் கேட்டேன்: இப்படியே போனால் கம்பெனி வியட்நாம் போய்விடும்.

போய்விடும் என்பது வெற்று மிரட்டல் இல்லை. அதையும் சொல்லவேண்டும். நோக்கியா போனது. 2005 ஏப்ரலில் தமிழக அரசோடு ஒப்பந்தம், வரிச்சலுகைகள், சிறப்புப் பொருளாதார மண்டலம், 2006இல் உற்பத்தி, உச்சத்தில் சுமார் 8,000 பேர், பெரும்பகுதி பெண்கள். ஊருக்குள் நோக்கியா பொண்ணு என்றால் மாப்பிள்ளை வீட்டார் மரியாதையாகப் பார்த்த காலம் அது. 2010இன் இறுதியில் ஓர் இளம்பெண் அங்கே இயந்திரத்தில் சிக்கி இறந்ததும் அந்தக் காலத்தில்தான். 2013இல் வருமான வரித்துறை சுமார் 2,000 கோடி ரூபாய் கேட்டது. 2014இல் மாநில அரசு, ஏற்றுமதி என்று கணக்கு காட்டிய போன்களை உள்நாட்டில் விற்றதாகச் சொல்லி 2,400 கோடி கேட்டது. மைக்ரோசாப்ட் நோக்கியாவின் கைப்பேசித் தொழிலை வாங்கியபோது வழக்கில் மாட்டிய இந்த ஆலையை விட்டுவிட்டது. 2014 நவம்பர் 1இல் உற்பத்தி நின்றது. யார் காரணம் என்று அன்றிலிருந்து இன்றுவரை ஒவ்வொரு தேர்தலிலும் பேசுகிறார்கள். ஒரு தரப்புக்கு டெல்லி, இன்னொரு தரப்புக்குக் கோட்டை, மூன்றாவது தரப்புக்குத் தொழிற்சங்கம். பட்டன் போனிலிருந்து உலகம் நகர்ந்ததும் நோக்கியா அதைத் தவறவிட்டதும் யார் பேச்சிலும் பெரிதாக வருவதில்லை, அதற்குத் திட்டுவதற்கு உள்ளூரில் ஆள் இல்லை.

எங்கள் தெருவில் அப்படி விருப்ப ஓய்வுத் தொகை வாங்கி வந்த ஒருத்தி இருக்கிறாள். அந்தப் பணம் தம்பியின் கல்யாணத்துக்குப் போனது. இருபத்தாறு வயதில் ஓய்வு என்ற சொல்லைக் கேட்டவள். அடுத்த கம்பெனிகள் வந்தபோது அவளுக்கு வயது கூடிவிட்டது, கழுத்தில் தாலியும் ஏறிவிட்டது. 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் நிறுவனம், ஸ்ரீபெரும்புதூர் ஐபோன் ஆலைக்குத் திருமணமான பெண்களைச் சேர்ப்பதில்லை என்று செய்தி வெளியிட்டது. பாக்ஸ்கான் மறுத்தது, புதிதாகச் சேர்த்தவர்களில் கால்வாசி திருமணமானவர்கள் என்றது. ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகம் மாநிலத்திடம் அறிக்கை கேட்டது. அதைப் படித்துக் காட்டியபோது என் தெருக்காரி ஆச்சரியப்படவே இல்லை. “கேட்லயே பாத்துருவாங்களே” என்றாள்.

2019இல் அந்த மூடிய நோக்கியா ஆலையைச் சால்காம்ப் நிறுவனம் வாங்குகிறது என்று அறிவிப்பு வந்தது. இப்போது அங்கே சார்ஜர். வேலை திரும்பி வந்ததற்கு நம்முடைய வரியும் ஒரு காரணம் என்பதை மறைத்துவிட்டு டிரம்பை மட்டும் திட்டுவது நியாயமாகாது. இந்தியா 1997இல் தகவல் தொழில்நுட்பப் பொருள்களுக்கு வரி போடுவதில்லை என்ற உலக உடன்பாட்டில் சேர்ந்தது. 2017 ஜூலையில் வெளிநாட்டுச் செல்போனுக்கு 10 சதவீதம், அந்த டிசம்பரில் 15, 2018 பிப்ரவரியில் 20 என்று ஏற்றியது. ஐரோப்பிய ஒன்றியமும் ஜப்பானும் தைவானும் உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டன. 2023 ஏப்ரலில் இந்தியா விதியை மீறியது என்று தீர்ப்பு வந்தது. இந்தியா மேல்முறையீடு செய்தது. எங்கே தெரியுமா? 2019 டிசம்பரிலிருந்து செயல்படாத மேல்முறையீட்டு மன்றத்தில். உறுப்பினர்களை நியமிக்கவிடாமல் அதை முடக்கிவைத்ததே அமெரிக்காதான். ஆளில்லாத நீதிமன்றத்தில் மனுப் போட்டால் தீர்ப்பு வராது. எல்லா நாடும் இப்போது இதைக் கற்றுக்கொண்டுவிட்டது.

அவர்கள் போட்டால் அடாவடி, நாம் போட்டால் தற்சார்பு. இரண்டையும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. வளர்ந்த நாடுகள் எல்லாம் வரிச்சுவருக்குப் பின்னால் வளர்ந்தவைதான், குழந்தைத் தொழிலுக்கு வேலி வேண்டும் என்ற வாதத்தில் எனக்கு மரியாதை உண்டு. எனக்கு இருக்கிற சந்தேகம் வேலிக்குள் யாருக்கு என்ன கிடைக்கிறது என்பதில். 2020இல் வந்த உற்பத்தி ஊக்கத்தொகைத் திட்டம், பெரிய மின்னணு நிறுவனங்களுக்குச் சுமார் 41,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. கொடுக்கும் விதி: கூடுதலாக விற்ற தொகையில் 4 முதல் 6 சதவீதம். ஊக்கத்தொகை விற்பனையோடு கட்டப்பட்டிருக்கிறது. கூலி உயர்ந்தால் கூடுதல் என்றோ, நிரந்தர வேலை தந்தால் கூடுதல் என்றோ அந்த விகிதம் எழுதப்படவில்லை. மக்கள் பணம் போனின் விலையைப் பின்தொடர்ந்து போகிறது, செய்தவளின் பின்னால் போகவில்லை.

வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறந்த சிப்காட் விடுதியைப் பற்றிக் கேட்பார்கள். 18,720 பெண்கள் தங்கலாம், 706.50 கோடி ரூபாய். அது நல்ல விஷயம். 2021இல் சாலையில் உட்கார்ந்தவர்கள் இல்லையென்றால் இவ்வளவு விரைவில் வந்திருக்குமா என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் ஷிப்ட், பேருந்து, விடுதி, திரும்பவும் பேருந்து என்று ஒரு பெண்ணின் இருபத்துநாலு மணி நேரமும் உற்பத்திக் கால அட்டவணைக்குள் வந்துவிடுகிறது என்பதையும் கூடவே பார்க்கவேண்டும். பெண்களை இரவுப்பணியில் அமர்த்தத் தடை சொன்ன தொழிற்சாலைச் சட்டப் பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000 டிசம்பரில் செல்லாது என்றபோது, பாதுகாப்பு நிபந்தனைகளோடு, நானும் மகிழ்ந்தேன். இரவு நமக்கும் வேண்டும் என்று கவிதை எழுதிக்கொண்டிருந்த வயது. கிடைத்த இரவில் பெரும்பகுதி நைட் ஷிப்ட்டாக இருக்கும் என்று அப்போது தோன்றவில்லை. ஆனாலும் அதைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று இந்தப் பெண்களிடம் கேட்டால் வேண்டாம் என்பார்கள். ஊரில் இருந்திருந்தால் இந்நேரம் மாமன் மகனுக்குக் கட்டிவைத்திருப்பார்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்ன பெண்ணை எனக்குத் தெரியும். கோயிலில் இவர்கள் எதை வேண்டுகிறார்கள் என்று கேட்டிருக்கிறேன். கல்யாணம் கூடவேண்டும் என்று சிலர். இன்னும் இரண்டு வருடம் தள்ளிப்போகவேண்டும் என்று சிலர்.

என் மாணவியின் கேள்விக்கு வருகிறேன். செல்போனுக்கு ஏன் விலக்கு கிடைத்தது? ஏப்ரல் 2 அறிவிப்பு வந்து பத்து நாளுக்குள், ஏப்ரல் 11இல், ஸ்மார்ட்போனையும் கணினியையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆகஸ்டிலும் சேர்க்கவில்லை. போன் விலை ஏறினால் அமெரிக்க வாக்காளருக்குக் கோபம் வரும், ஆப்பிள் நிறுவனத்துக்கு வெள்ளை மாளிகைக் கதவு திறக்கும். மே மாதம் தோகாவில், இந்தியாவில் ஆலை கட்டவேண்டாம் என்று டிம் குக்கிடம் சொன்னதாக டிரம்பே பேசினார், ஆலைகள் கட்டப்பட்டுக்கொண்டுதான் இருந்தன. பனியனுக்கும் செருப்புக்கும் அப்படிப் போய்ப் பேச ஆளில்லை. திருப்பூரும் ஆம்பூரும் ராணிப்பேட்டையும் வாங்கிக் கட்டிக்கொண்டன. 2024-25இல் தமிழ்நாட்டுச் சரக்கு ஏற்றுமதியில் 31 சதவீதம் அமெரிக்காவுக்குப் போகிறது, நாட்டுச் சராசரி 20தான் என்று முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அடி எங்கே விழுந்தது என்று பார்த்தால் அங்கேயும் தையல் மெஷின் முன்னால் பெண்கள்.

இவளுடைய லைனில் வரி விழவில்லை. ஆனால் வரியைப் பற்றிய பேச்சு விழுந்தது. வரி வந்தால் இறக்குமதியாளர் பில்லாவது கட்டவேண்டும். பேச்சுக்கு அதுவும் இல்லை. ஒரு செலவும் இல்லாமல் ஒரு வாரம் லீவு இல்லாத வேலையை அது வாங்கிக் கொடுத்துவிட்டது. இதைத்தான் அவளிடம் சொன்னேன், இவ்வளவு நீளமாக அல்ல. அவள் கேட்டுவிட்டு, “அப்ப அடுத்த தடவ சொன்னா, எங்க போனுக்கு வரி இல்லியே சார்னு கேக்கலாமா?” என்றாள். கேட்கலாம் என்று சொல்ல வாய் வந்தது. கேட்டால் அவளுக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது, எனக்கு நிரந்தர வேலை. “தனியாக் கேக்காதே, நாலு பேரச் சேத்துக்கிட்டுக் கேளு” என்றேன்.

பாக்கி இருந்த இரண்டு தாளுக்கும் நவம்பரில் தேர்வு எழுத வந்தாள். நைட் ஷிப்ட் முடித்துக் கம்பெனி பேருந்திலிருந்து இறங்கி நேராக. ஒன்று இலக்கணத் தாள். வெளியே வந்ததும் கேள்வித்தாளை வாங்கிப் பார்த்தேன். செயப்பாட்டு வினைகளைச் செய்வினையாக மாற்றச் சொல்லிப் பத்து மதிப்பெண்ணுக்கு ஒரு கேள்வி இருந்தது. எப்படி எழுதினாய் என்று கேட்டேன்.

“அந்தப் பக்கம் வரும்போது தூங்கிட்டேம்மா” என்றாள். “பெல் அடிச்சப்பதான் முழிச்சேன்.”